ஏற்றுமதி அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரிகளைக் குழுக்களாகப் பிரித்து வைப்பது எப்படி?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தின் முகவரிப் புத்தகத்தில், வெளிநாட்டு பையர்கள், அவர்கள் சார்பில் இங்கே சரக்கைப் பார்வையிடும் பையிங் ஏஜென்ட்டுகள், நூல் மில்கள், நூல் டெப்போக்கள், நிட்டிங், டையிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி ஜாப்ஒர்க் செய்பவர்கள், பட்டனும் அட்டைப்பெட்டியும் தருபவர்கள், தூத்துக்குடியில் சரக்கை ஏற்றிவிடும் பார்வர்டர்கள், சுங்க ஏஜென்ட், ஆடிட்டர், வங்கி அலுவலர் என்று பலதரப்பட்டவர்களும் கலந்து கிடப்பார்கள். இவர்களில் சிலருக்கு மட்டும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டிய தேவை வாரந்தோறும் வருகிறது. அப்போது பழைய மடல் ஒன்றைத் திறந்து, அதிலிருந்த முகவரிகளை அப்படியே நகலெடுத்து அனுப்புவதே பெரும்பாலான அலுவலகங்களில் நடைமுறையாக இருக்கிறது. வேலையை விட்டுப் போனவருக்கு மடல் போவதும், புதிதாகச் சேர்ந்த மில்லுக்குப் போகாமல் விடுபடுவதும், ஒரு மில்லின் முகவரியை அதன் போட்டி மில் பார்த்துவிடுவதும் இந்தப் பழக்கத்தின் விளைவுகளே. முகவரிகளை ஒருமுறை முறையாகப் பிரித்து வைத்துவிட்டால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். அதற்கான வழியை, ஜிமெயிலின் முகவரிப் புத்தகமான கூகுள் காண்டாக்ட்ஸை முதன்மையாகவும், அவுட்லுக், தண்டர்பேர்ட் ஆகிய மின்னஞ்சல் மென்பொருள்களை அடுத்தும் வைத்து இங்கே விளக்குகிறேன்.

கடிதத்திலிருந்து குழுவுக்கு

குழு அமைக்க உட்காருபவர்கள் வழக்கமாக ஆட்களைப் பார்த்துப் பிரிக்கத் தொடங்குகிறார்கள்: உள்ளூர், வெளியூர், வெளிநாடு, பெரிய பார்ட்டி, சிறிய பார்ட்டி. இந்தப் பிரிவுகள் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் மடல் எழுத உட்காரும்போது எதற்கும் பொருந்தாது. நாம் அனுப்பும் கடிதங்களைப் பார்த்துப் பிரிப்பதுதான் சரியான வழி. கடந்த ஓராண்டில் அனுப்பிய மடல்கள் இருக்கும் 'சென்ட்' பகுதியைத் திறந்து, ஐந்து பேருக்கு மேல் ஒன்றாகப் போன மடல்களை மட்டும் பார்த்து, எந்தக் கடிதம் யாருக்குப் போனது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் நூல் விலை கேட்டு மில்களுக்குப் போன மடல், தீபாவளி, பொங்கல் விடுமுறையில் தொழிலாளர்கள் ஊருக்குப் போவதால் உற்பத்தி எத்தனை நாள் நிற்கும் என்று பையர்களுக்குத் தெரிவித்த மடல், அதே விடுமுறைக்கு முன் துணியை எப்போதைக்குள் திருப்பித் தர வேண்டும் என்று டையிங், பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு எழுதிய மடல், தணிக்கைச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டதை பையிங் ஏஜென்ட்டுகளுக்கு அறிவித்த மடல் என்று வகைகள் தாமாகவே தெளிவாகிவிடும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு குழு போதும். கடிதம் இல்லாத குழு வேண்டாம். உதாரணமாக, பையர்களை நாடு வாரியாகப் பிரிக்கும் ஆசை பலருக்கு வரும். ஜெர்மனிக்கு ஒரு கடிதம், பிரான்சுக்கு வேறொரு கடிதம் என்று உண்மையிலேயே அனுப்புகிறீர்கள் என்றால் மட்டும் பிரியுங்கள்.

இதே தாளில் இன்னொன்றையும் குறிக்க வேண்டும்: குழுவில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் பார்க்கலாமா, கூடாதா? ஒரு ஷிப்மென்ட் தொடர்பாக பார்வர்டர், சுங்க ஏஜென்ட், நம் டாக்குமென்டேஷன் பிரிவு ஆகிய மூவரும் ஒரே மடலில் இருப்பதும், ஒருவர் பதில் சொன்னால் மற்ற இருவருக்கும் தெரிவதும் அவசியம். விலை கேட்கும் மடலில் எட்டு மில்களின் முகவரிகள் ஒன்றுக்கொன்று தெரிவது கூடவே கூடாது. மடலின் 'பிசிசி' கட்டத்தில் இடும் முகவரிகள் மற்ற பெறுபவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஒருவரையொருவர் பார்க்கக் கூடாத குழுக்களின் பெயரை 'பிசிசி' என்றே தொடங்குமாறு வைக்கும்படி பரிந்துரைக்கிறேன்: 'பிசிசி நூல் மில்கள்', 'பிசிசி பையர்கள்' என்பது போல. குழுவை அழைக்க அந்தப் பெயரைத் தட்டச்சு செய்யும் கணத்திலேயே அது எந்தக் கட்டத்துக்குரியது என்ற நினைவு கைக்கு வந்துவிடும். மடலை ஆங்கில விசைப்பலகையில் எழுதுபவர்கள் குழுப் பெயரையும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வது வசதி. பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்தால்தான் மென்பொருள் குழுவை எடுத்துக் காட்டும் என்பதால், மொழி மாற்றி மாற்றி அடிக்கும் சிரமம் குறையும்.

எக்செலில் சுத்தம் செய்தல்

உழைப்பு அதிகம் தேவைப்படும் பகுதி இதுதான். இதில் அவசரப்பட்டால் பின்னால் வரும் எல்லாமே கோணலாகிவிடும். விசிட்டிங் கார்டுகள், பழைய எக்செல் பட்டியல்கள், கைப்பேசி, டேலியில் உள்ள லெட்ஜர் விவரங்கள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் முகவரிகளை ஒரே எக்செல் தாளுக்குக் கொண்டுவாருங்கள். பெயர், இனிஷியல், நிறுவனம், பணி, மின்னஞ்சல், கைப்பேசி, ஜிஎஸ்டி எண், குழு என்று எட்டு பத்திகள் போதுமானவை.

பெயரை எழுதுவதில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இனிஷியலை முன்னால் போட்டு 'கே. செல்வம்', 'எம். செல்வம்' என்று பெயர்ப் பத்தியிலேயே எழுதிவிட்டால், பெயர் வரிசையில் ஒருவர் கே-யிலும் மற்றவர் எம்-மிலும் போய்விடுவார்கள். தேடும்போது ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். பெயரை முதல் பெயர்ப் பத்தியிலும் இனிஷியலைக் கடைசிப் பெயர்ப் பத்தியிலும் போட்டால் செல்வங்கள் எல்லாரும் அடுத்தடுத்து நிற்பார்கள். நிறுவனப் பெயரைப் பார்த்துச் சரியானவரைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

கைப்பேசி எண்களைத் தட்டச்சு செய்வதற்கு அல்லது ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதன் வகையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் +91 என்று தொடங்கும் எண்ணை எக்செல் ஒரு கணித எண்ணாக எடுத்துக்கொண்டு, கூட்டல் குறியை நீக்கிவிட்டு, 9.19E+11 என்று சுருக்கிக் காட்டும். திரையில்தானே இப்படித் தெரிகிறது என்று விட்டுவிடக் கூடாது. கூகுளில் ஏற்றுவதற்காக சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) கோப்பாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும். அதன் பிறகு அந்த எண் அந்தக் கோப்பிலிருந்து மீளாது.

மின்னஞ்சல் முகவரிகளை வாட்ஸ்அப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ ஒட்டும்போது முன்னாலும் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் ஒட்டிக்கொண்டு வரும். எக்செலின் டிரிம் சூத்திரத்தால் அவற்றை நீக்கிவிட்டு, அதன்பின் 'டேட்டா' பகுதியில் உள்ள 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' வசதியை மின்னஞ்சல் பத்திக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பெயரை வைத்து இரட்டிப்பை நீக்கக் கூடாது. ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்களில் இரண்டு பேர் இருப்பது நம் ஊரில் சாதாரணம்.

நிறுவனங்களின் இரட்டிப்பைக் கண்டுபிடிக்க ஜிஎஸ்டி எண் நல்ல துணை. ஒரே மில்லை ஒருவர் முழுப் பெயரிலும் இன்னொருவர் சுருக்கப் பெயரிலும் எழுதி வைத்திருப்பார்கள். அந்த மில்லுக்குக் கர்நாடகத்தில் ஒரு கிளை இருந்தால் மூன்றாவதாக இன்னொரு பதிவும் இருக்கும். 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த 10 எழுத்துகள் அந்த நிறுவனத்தின் பான் எண். மூன்றாவது எழுத்திலிருந்து 10 எழுத்துகளைத் தனிப் பத்தியில் பிரித்தெடுத்து வரிசைப்படுத்தினால், பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து சேர்வார்கள். அவர்களில் எந்தக் கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதை அங்கேயே முடிவு செய்யலாம்: விலை கேட்கும் மடல் மார்க்கெட்டிங் மேலாளருக்கு, நிலுவை பற்றிய மடல் கணக்குப் பிரிவுக்கு.

கூகுள் காண்டாக்ட்ஸில் ஏற்றுதல்

கூகுள் காண்டாக்ட்ஸில் குழு என்பதற்கு 'லேபிள்' என்று பெயர். ஒருவருக்கு எத்தனை லேபிள்கள் வேண்டுமானாலும் ஒட்டலாம். சிஎஸ்வி கோப்பில் தலைப்பு வரி கூகுள் எதிர்பார்க்கும் வடிவத்தில் இருக்க வேண்டும். அந்தத் தலைப்புகளை மனப்பாடமாக எழுத முயல வேண்டாம். காண்டாக்ட்ஸில் ஒரே ஒருவரை எல்லா விவரங்களோடும் ஒரு லேபிளோடும் கையால் பதிவு செய்து, அவரை மட்டும் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து கூகுள் சிஎஸ்வி வடிவில் இறக்கிக்கொண்டு, அந்தக் கோப்பின் முதல் வரியை அப்படியே உங்கள் தாளின் தலைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு லேபிள்கள் தேவைப்பட்டால், லேபிள் பத்தியில் இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி, மூன்று முக்காற்புள்ளிகள் (:::), மீண்டும் ஓர் இடைவெளி விட்டு எழுத வேண்டும். இப்படி எக்செலிலேயே குழுக்களை ஒதுக்கிவிட்டால், ஏற்றிய பிறகு ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து லேபிள் ஒட்டும் வேலை இல்லை.

சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி வகையில் சேமித்தால் தமிழில் எழுதிய பெயர்களும் குறிப்புகளும் கேள்விக்குறிகளாகிவிடும். கூகுளிலிருந்து இறக்கிய கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் உருக்குலைந்து தெரிந்தால், கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணாமல், எக்செலின் 'டேட்டா' பகுதி வழியாக அதே கோப்பை உள்ளே எடுத்து, எழுத்து முறையாக யுடிஎஃப்-8 என்பதைக் குறிப்பிட்டால் சரியாகத் தெரியும்.

பிறகு காண்டாக்ட்ஸ் பக்கத்தில் 'இம்போர்ட்' கொடுத்துக் கோப்பை ஏற்றலாம். ஒருமுறைக்கு 3,000 பேர் வரை ஏற்ற முடியும். முழுப் பட்டியலையும் ஏற்றும் முன், ஐந்து வரிகள் மட்டும் உள்ள ஒரு கோப்பை ஏற்றி, எண், பெயர், லேபிள் எல்லாம் உரிய இடங்களில் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதாவது தவறாகிவிட்டால் அமைப்புகளில் உள்ள 'அன்டூ சேஞ்சஸ்' மூலம் 30 நாள்களுக்குள் எந்த நேரத்து நிலைக்கும் முகவரிப் புத்தகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகு கையால் செய்த திருத்தங்களும் சேர்ந்தே போய்விடும் என்பதால், தவறைக் கண்டவுடனே செய்துவிட வேண்டும். ஏற்றி முடித்ததும் 'மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்' பகுதியைத் திறந்தால் இரட்டிப்பாக இருக்கக்கூடியவற்றை அதுவே எடுத்துக் காட்டும். அங்கே எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் இணைப்பதைவிட, ஒவ்வொன்றாகப் பார்த்து இணைப்பது நல்லது.

'அதர் காண்டாக்ட்ஸ்' என்ற பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீங்கள் மடல் அனுப்பியவர்களை ஜிமெயில் தானாகவே அங்கே சேர்த்து வைக்கிறது. தட்டச்சுப் பிழையோடு அனுப்பிய முகவரிகளும் அதில் இருக்கும். அடுத்த முறை மூன்று எழுத்துகள் அடித்ததும் அந்தத் தவறான முகவரியே முன்னால் வந்து நிற்கும். அவற்றை நீக்கிவிட வேண்டும். ஒரே ஆளின் அட்டையில் இரண்டு மின்னஞ்சல் முகவரிகள் இருந்தால், லேபிளை ஒருமுறை அழைத்து எந்த முகவரி வந்து விழுகிறது என்பதைப் பாருங்கள். சொந்த முகவரிக்கு அலுவலக மடல் போவதை அங்கேயே தடுத்துவிடலாம்.

அவுட்லுக், தண்டர்பேர்ட்

கணினியில் நிறுவப்பட்டுள்ள பழைய அவுட்லுக்கில், 'பீப்பிள்' பகுதிக்குப் போய் 'நியூ காண்டாக்ட் குரூப்' கொடுத்து, குழுவுக்குப் பெயர் வைத்து, 'ஆட் மெம்பர்ஸ்' வழியாக ஆட்களைச் சேர்க்கலாம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருவரின் மின்னஞ்சல் முகவரியை அவருடைய தனிப்பதிவில் திருத்தினால் குழுவில் அது தானாக மாறிவிடாது. குழுவைத் திறந்து 'அப்டேட் நவ்' பொத்தானை அழுத்தினால்தான் புதிய முகவரி குழுவுக்குள் வரும். இதை அறியாமல் மாதக்கணக்கில் பழைய முகவரிக்கே மடல் போய்க்கொண்டிருக்கும் அலுவலகங்கள் உண்டு. மடல் எழுதும்போது குழுப் பெயருக்கு அருகே உள்ள கூட்டல் குறியைச் சொடுக்கினால் குழு தனித்தனி முகவரிகளாக விரியும். ஒரு மடலுக்கு மட்டும் ஓரிருவரை விலக்க இது உதவும். விரித்ததை அந்த மடலில் மீண்டும் சுருக்க முடியாது. புதிய அவுட்லுக்கிலும் உலாவியில் திறக்கும் அவுட்லுக்கிலும் இதே வசதி 'காண்டாக்ட் லிஸ்ட்' என்ற பெயரில் இருக்கிறது.

தண்டர்பேர்டில் முகவரிப் புத்தகத்தைத் திறந்து 'நியூ லிஸ்ட்' கொடுத்தால் போதும். பட்டியல் ஏதேனும் ஒரு முகவரிப் புத்தகத்துக்குள்தான் அமையும் என்பதால், நிறுவனத்துக்கென்று தனி முகவரிப் புத்தகம் ஒன்றை முதலில் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது

ஒருவரையொருவர் பார்க்கக் கூடாத குழுவுக்கு அனுப்பும்போது 'டு' கட்டத்தில் நம் அலுவலக முகவரியையும், 'பிசிசி' கட்டத்தில் லேபிளின் பெயரையும் இட வேண்டும். லேபிளைத் தேர்ந்தவுடன் அது தனித்தனி முகவரிகளாக விரிந்துவிடும் என்பதால், எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். பெறுபவர் 'ரிப்ளை ஆல்' கொடுத்தாலும் பதில் நமக்கு மட்டுமே வரும். மில்களிடம் விலை கேட்கும் மடலில் நூலின் கவுன்ட் (தடிமனைக் குறிக்கும் எண்), கார்டடா கோம்ப்டா (சாதாரணமாகச் சிக்கெடுத்ததா, கூடுதலாகச் சீவியதா), எத்தனை கிலோ, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பவற்றைத் தெளிவாக எழுதிவிட்டால், பிசிசியில் போனாலும் ஒவ்வொரு மில்லும் தனக்கே வந்த மடலாக எடுத்துக்கொண்டு பதில் தரும். வெளிநாட்டு பையர்களுக்கு அவரவர் பெயரைச் சொல்லித் தொடங்கும் மடல்தான் மரியாதை. அவர்களுக்கு வேர்டின் 'மெயிலிங்ஸ்' பகுதியையும் பழைய அவுட்லுக்கையும் இணைத்து மெயில் மெர்ஜ் முறையில் ஆளுக்கொரு மடலாக அனுப்புவதையே நான் சிறந்ததாகக் கருதுகிறேன். எக்செல் தாள் ஏற்கெனவே சுத்தமாக இருப்பதால் அதில் கூடுதல் வேலை எதுவும் இல்லை.

கட்டணமில்லாத ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 மடல்கள் வரைதான் அனுப்ப முடியும். ஒரே மடலில் 500 பேருக்கு மேல் சேர்த்தாலும் தடைபடும். கட்டணம் செலுத்தும் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கணக்கில் ஒரு நாளைக்கான வரம்பு 2,000. வரம்பைத் தாண்டினால் ஒரு நாள் வரைகூட அனுப்பும் வசதி நின்றுவிடும் என்பதால், ஷிப்மென்ட் நாளன்று பெரிய குழு மடல்களை வைத்துக்கொள்ளாதீர்கள். சொந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் மடல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று உறுதிப்படுத்த உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளும் அமைக்கப்பட்டுள்ளனவா என்று டொமைனைப் பராமரிப்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளைக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இம்மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. சிறிய அளவில் அனுப்புபவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். இவை இல்லாத டொமைனின் குழு மடல்கள் ஸ்பேமுக்குப் போக வாய்ப்பு அதிகம்.

குழு மடலில் அனுப்பவே கூடாத ஒன்று, வங்கிக் கணக்கு மாற்றம். ஏற்றுமதியாளர் அனுப்புவதுபோலப் போலி மடல் அனுப்பி, பையர் செலுத்த வேண்டிய தொகையை வேறு கணக்குக்குத் திருப்பிவிடும் மோசடி இந்தத் தொழிலில் நன்கு அறியப்பட்டது. கணக்கு எண்ணை மின்னஞ்சலில் மாற்றித் தெரிவிக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை, அப்படி மடல் வந்தால் ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள் என்று எல்லா பையர்களுக்கும் முன்கூட்டியே ஒருமுறை தெரிவித்துவிடுங்கள்.

பட்டியலில் இருப்பவர் இனி அனுப்ப வேண்டாம் என்றால் அன்றே நீக்கிவிட வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய பையர்கள் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள தங்கள் தரவுப் பாதுகாப்பு விதிகளுக்குப் பழகியவர்கள். தங்கள் முகவரி மற்றவர்களுக்குத் தெரியும்படி வந்த ஒரு மடலை அவர்கள் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

பராமரிப்பு

பையிங் ஏஜென்சிகளில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் அடிக்கடி நிறுவனம் மாறுவார்கள். குழு மடல் அனுப்பிய அரை மணி நேரத்தில் திரும்பி வந்த மடல்களைப் பார்த்து, அந்த முகவரிகளை உடனே திருத்துவதுதான் பராமரிப்பில் முக்கியமான வேலை. போனவரின் பதிவை அழித்துவிடாமல், லேபிளை மட்டும் நீக்கிவிட்டு, எந்த மாதம் போனார், அவர் இடத்தில் வந்தவர் யார் என்பதைக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். அவரே ஆறு மாதத்தில் வேறொரு பையருக்காக உங்களை அழைக்கக்கூடும்.

நம் அலுவலகத்திலும் ஆள் மாறுவார்கள். லேபிள்கள் அவற்றை உருவாக்கிய கணக்குக்குள் மட்டுமே இருக்கும். ஒரு மேலாளர் தன் சொந்த ஜிமெயிலில் பத்து ஆண்டுகள் சேர்த்த முகவரிகள் அவர் விலகும் நாளில் அவரோடு போய்விடும். எனவே இந்த வேலை முழுவதையும் தொடக்கத்திலிருந்தே நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கில்தான் செய்ய வேண்டும். மூன்று நான்கு பேர் ஒரே குழுக்களுக்கு அனுப்ப வேண்டிய அளவுக்கு அலுவலகம் வளர்ந்துவிட்டால், லேபிளை விட்டுவிட்டு, கூகுள் குரூப்ஸிலோ மைக்ரோசாப்ட் 365-இன் டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்டிலோ குழுவுக்கென்று தனி முகவரி ஏற்படுத்திக்கொள்வது நல்லது. அங்கே ஒருவர் ஓரிடத்தில் திருத்தினால் எல்லாருக்கும் திருத்தமாகிவிடும். ஆனால் அந்த முகவரிக்கு யார் யார் அனுப்பலாம் என்பதை அலுவலக ஊழியர்களுக்கு மட்டும் என்று அமைத்திருக்க வேண்டும். இல்லையேல் குழுவின் முகவரியை அறிந்த எந்த மில்லும் மற்ற எல்லா மில்களுக்கும் மடல் அனுப்ப முடியும்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முகவரிப் புத்தகம் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, அலுவலகக் கணினியில் கடவுச்சொல் உள்ள கோப்புறையில் வையுங்கள். அந்தக் கோப்பை வாட்ஸ்அப் வழியாக யாருக்கும் அனுப்ப வேண்டாம். அதில் இருப்பவை நம்மை நம்பித் தரப்பட்ட மற்றவர்களின் எண்களும் முகவரிகளும்.